குற்றாலத்தில் காத்திருந்த கதை

சிங்கப்பெருமாள் கோவிலில் மலை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பாடலாத்ரி என்ற திருநாமத்துடன் ஒரு மலை இருக்கிறது. அதைக் குடைந்துதான் நரசிம்மப் பெருமாளுக்குச் சந்நிதி அமைத்திருக்கிறார்கள். அர்ச்சகர் பெருமாளின் நெற்றியிலுள்ள திருநாமத்தைச் சற்றே விலக்கித் தீபத்தைக் காட்டும்போது மூன்றாவது கண்ணைத் தரிசிக்கலாம். பெருமாளைப் பிரதட்சிணம் செய்ய விரும்புகிறவர்கள் மலையையே சுற்றி வரவேண்டும். இவ்வளவு பெருமைகளும் வாய்ந்த மலைக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு. அதிலிருந்து ஒரு சொட்டு ஜலம்கூட விழாது!

ஆனி மாதத்தில் நமது ஊரின் நிலைமையை நேயர்கள் நேரில் வந்து பார்க்கவேண்டும். ஒரு பக்கம் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலை. மற்றொரு பக்கம் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலை. இரண்டும் கூடும் இடத்தில் நின்றால், புத்தம் புதிய கார்களை முதுகிலே அடுக்கிக்கொண்டு ராட்சத லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்வதைக் காணலாம். அவை கிளப்பும் புழுதிக்கு மேலே வெயில். வெயிலுக்குக் கீழே நாம். ஏரிகளோ தண்ணீர் வற்றி, தரை வெடித்து, மாடு மேய்வதற்கு மிகவும் சௌகரியமாக இருக்கும்.

இப்படிப்பட்ட ஒரு பகலில், மின்விசிறியும் நின்றுபோயிருந்த சமயம், நமது அத்தை திடீரென்று, "குற்றாலத்தில் இப்போது சாரல் அடித்துக்கொண்டிருக்கும்" என்றாள்.

அத்தைக்கு வயது 72. கல்யாணமான மறு வருஷம் ஒரு தடவை பேரருவியில் ஸ்நானம் செய்தவள். அந்தக் குளிர்ச்சி இன்னும் உச்சந்தலையில் இருக்கிறது என்பது அவளுடைய கட்சி. நமது சகோதரியின் மகனும் அப்போது அங்கே இருந்தான். ஒரகடத்தில் மோட்டார் உறுப்புகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு என்று மாறி மாறி உழைத்ததில், சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறான் என்பதே அவனுக்குச் சந்தேகமாகிவிட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகு அவனுக்கு மூன்று நாள் ரஜா கிடைத்திருந்தது.

"போகலாம், மாமா! ஒரு முழு நாள் அருவிக்கு அடியிலேயே நின்றுவிட்டு வருகிறேன்" என்றான் மருமகன்.

அவ்வளவுதான். பிரயாணம் நிச்சயமாகிவிட்டது.

* * *

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மின்சார ரயிலில் செங்கற்பட்டுக்குப் போய், அங்கே இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினோம். ரயிலுக்குப் பொதிகை என்று பெயர் வைத்தவர்கள் ரஸிகர்களாகத்தான் இருக்கவேண்டும். பெயரைச் சொன்னதுமே பாதி வெப்பம் தணிந்துவிடுகிறது. மதுரை தாண்டி, விருதுநகரும் சிவகாசியும் கடந்து, பொழுது நன்றாக விடிந்தபோது வலது பக்கத்து ஜன்னல்களில் நீல நிறமாக ஒரு கோடு தெரிந்தது. சங்கரன்கோவிலைத் தாண்டிக் கடையநல்லூரை நெருங்கியபோது அந்தக் கோடு மலையாகிவிட்டது. மலையின் தலையில் மேகம் முண்டாசு கட்டியிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு காற்று வந்தது பாருங்கள்! அந்தக் காற்றை வர்ணிக்கப் போவதில்லை. செங்கற்பட்டு ஜில்லாவில் ஆனி மாதத்தைக் கழித்தவர்களுக்கு வர்ணிக்காமலே விளங்கும். மற்றவர்களுக்கு வர்ணித்தாலும் விளங்காது.

ஒரே தமிழ்நாட்டில், ஒரே மாதத்தில், அங்கே ஏரி வெடித்துக் கிடக்க, இங்கே மலை மீது மேகம் குவிந்திருப்பானேன் என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனி, ஆடி மாதங்களில் அரபிக் கடலிலிருந்து வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து நிற்கிறது. காற்று தன் மழையில் பெரும்பகுதியைக் கேரளத்திலேயே கொட்டிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் உள்ளவர்களுக்கு வறண்ட காற்றுத்தான் மிச்சம். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் என்று ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த வாசல் வழியாக ஈரக்காற்று கொஞ்சம் நழுவி வந்து, தென்காசிச் சீமையில் சாரலாகத் தூவுகிறது. நம்முடைய ஊருக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வரவேண்டியது. ஆகவே, நமக்கு ஏரி வற்றும் சமயத்தில்தான் குற்றாலத்துக்குப் பருவம்.

தென்காசி, 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அங்கே ரயிலை விட்டு இறங்கி, காசிவிசுவநாதர் கோபுரத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சுமார் 5 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் குற்றாலம். வழியெல்லாம் பழக்கடைகள். மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் முதலிய பழங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். துரியன் பழத்தைப் பற்றி நமது அபிப்பிராயத்தை இங்கே வெளியிடாமல் இருப்பதே நல்லது. அதன் வாசனை தானாகவே போதிய விளம்பரம் செய்துகொள்கிறது.

* * *

பேரருவியை முதன்முதலில் பார்த்த மருமகன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. சிற்றாறு என்று அடக்கமான பெயர் பூண்ட நதி, சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து பாறை மீது விழுந்து வருகிறது. அத்தனை உயரத்திலிருந்து விழும் நீர் நேராகத் தலையில் விழுந்தால் தலை என்ன ஆவது? அதற்காகத்தானோ என்னவோ, இயற்கை நடுவழியிலே ஆழமான ஒரு கிடங்கை வைத்திருக்கிறது. அதற்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். அருவி முதலில் அதில் விழுந்து, பொங்கி, கோபம் தணிந்து, பிறகு நம்மிடம் வருகிறது. பெரிய மனிதர்கள் வீட்டில் கோபத்தைத் தணித்துக்கொண்டு வெளியே வருவதைப் போல என்று சொல்லலாம்.

வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் வரிசையில் நாமும் மருமகனும் நின்றோம். பெண்கள் பக்கத்தில் அத்தை நின்றாள். நமக்கு முன்னால் மூன்று பேர்தான் பாக்கி. மருமகனின் வலது கால் ஈரமாகிவிட்டது. அந்தச் சமயத்தில் விசில் ஊதினார்கள்!

"எல்லோரும் வெளியே வாருங்கள்! குளிக்கத் தடை! வெளியே வாருங்கள்!" என்று போலீஸ்காரர்கள் கூவினார்கள்.

எழுந்த முணுமுணுப்பைக் கேட்கவேண்டுமே! "வெயில் கொளுத்துகிறது, வெள்ளமாம் வெள்ளம்!" என்றார் ஒருவர். "நாங்கள் என்ன குழந்தைகளா?" என்று இன்னொருவர் கேட்டார். தலையில் சோப்பு நுரையுடன் வெளியேற்றப்பட்ட ஒரு கனவான், சுதந்திர நாட்டில் தம் உரிமைகள் இன்னின்ன என்று எடுத்துரைத்தார். சத்தியத்தைச் சொன்னால், நமக்கும் உள்ளுக்குள் கோபந்தான். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வந்தது இந்த விசிலைக் கேட்பதற்கா?

மருமகன் நகரவில்லை. "இரண்டே நிமிஷம், மாமா! தலையை மட்டும் நனைத்துக்கொண்டு ஓடி வந்துவிடுகிறேன். எட்டு மாதமாகக் காத்திருக்கிறேன்" என்றான். அவன் முகத்தைப் பார்க்கப் பரிதாபமாயிருந்தது. "சரி, சீக்கிரம்!" என்று சொல்வதற்கு நாம் வாயைத் திறந்துவிட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும்.

நல்ல வேளையாக, பக்கத்தில் உடம்பு பிடித்துவிடும் கிழவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் மருமகனின் தோளில் கையை வைத்தார்.

"தம்பி, வெயிலைப் பார்க்காதீங்க. தண்ணியோட நிறத்தைப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். பால்போல விழுந்துகொண்டிருந்த அருவியின் ஓரத்தில் தேநீர் நிறம் கலந்திருந்தது. ஒரு கைப்பிடிச் சருகு வந்து விழுந்தது. அதன் பிறகு ஒரு பச்சைக் கிளை. மருமகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தோம். கால் மணி நேரங்கூட ஆகியிராது. குளிப்பவர்களின் பாதுகாப்புக்காக அருவிக்கு முன்னால் அமைத்திருக்கும் வளைவைத் தாண்டி, செந்நிற வெள்ளம் மரக்கட்டைகளுடன் வந்து மோதியது. நாம் நின்றிருந்த இடத்தைக் காணோம். கம்பிகளைக் காணோம். காதில் இடி முழக்கத்தைத் தவிர வேறொன்றும் விழவில்லை. சோப்பு நுரைக் கனவானும் தம் உரிமைகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

"மேலே மழை பெய்யும்; கீழே வெயில் அடிக்கும். மலைக்கும் நமக்கும் ஒரே வானம் இல்லை, ஐயா" என்றார் கிழவர்.

2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கோடை மழை மலை மேல் பெய்தது. கீழே ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளம் திடீரென்று வந்தது. பலர் ஓடித் தப்பினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பள்ளி விடுமுறையைக் கழிக்க வந்த குழந்தை. அந்தப் பெற்றோரின் காதில் ஒரு விசில் சத்தம் சற்று முன்னதாக விழுந்திருந்தால், அவர்கள் அதை எப்படி வாழ்த்தியிருப்பார்கள்! நமக்கோ விசில் கேட்டது. கேட்டும் கோபப்பட்டோம். "சரி, சீக்கிரம்!" என்று சொல்லவிருந்த நமது வாயை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

* * *

மற்றைப் பகல் பொழுதை என்ன செய்வது? முதலில் குற்றாலநாதரைத் தரிசித்தோம். ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபையைப் பார்த்தோம். மற்றச் சபைகளில் கூத்தப்பிரான் விக்கிரகமாக ஆடுகிறார். இங்கே சுவரில் ஓவியமாகவே ஆடுகிறார். இந்த மலையைப் பாடித்தான் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். மதுரை நாயக்க மன்னர் அதற்குப் பரிசாக நிலம் வழங்க, அந்த நிலத்துக்கே குறவஞ்சி மேடு என்ற பெயர் வந்துவிட்டது. கவிக்கு நிலம் கிடைத்த காலமும் ஒன்று இருந்தது! ரஸிகமணி டி. கே. சி. தம் பிற்காலத்தைக் கழிக்க இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. 1954-இல் காலமாகும் வரையில், அருவியைப் போலவே அவருடைய வீட்டையும் தேடித் தமிழன்பர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

பிற்பகலில் ஐந்தருவிப் பக்கம் போனோம். அங்கும் குளிக்கத் தடைதான். ஆனால் அருகிலே மலைச்சரிவில் தோட்டக்கலைத் துறையார் ஒரு சுற்றுச்சூழல் பூங்கா அமைத்திருக்கிறார்கள். நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே சென்றோம். அத்தை ஒரு கல்லாசனத்தில் அமர்ந்துவிட்டாள். நாமும் மருமகனும் பாதை வழியே மேலே நடந்தோம். இருபுறமும் மரங்கள் கவிந்து, பள்ளத்திலே ஓடை ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மழை நின்று வெகு நேரம் ஆகியும் மரங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மருமகன் குனிந்து ஒரு பிடி சருகை எடுத்துப் பிழிந்தான். விரல் இடுக்குகளில் தண்ணீர் வழிந்தது.

"மாமா! நம் ஊர் மண்ணில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் உடனே ஓடிவிடுகிறது. இங்கே சருகுகூடத் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறதே!" என்றான்.

இயந்திரங்களோடு பழகியவன் அல்லவா? எது எப்படி வேலை செய்கிறது என்று சட்டென்று புரிந்துகொண்டான். அருவியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அருவி விழுகிற இடத்தையே பார்க்கிறோம். அருவி உண்டாகிற இடத்தை யாரும் நினைப்பதில்லை. பருவமழை இடைவிட்டுத்தான் பெய்கிறது. அருவி மட்டும் மழை விட்ட நாட்களிலும் விழுகிறது. இந்த இடைவெளியை நிரப்புவது மேலேயுள்ள காடு. சருகும், வேரும், பஞ்சுபோன்ற மண்ணும் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. காட்டை மொட்டையடித்துவிட்டால் அருவி என்ன ஆகும்? மழை பெய்த அன்று வெள்ளம். மறுநாள் வெறும் பாறை.

செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும் நினைத்தபோதெல்லாம் போக வனத்துறையார் விடுவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. அந்தச் சருகைப் பிழிந்து பார்த்த பிறகு, நமக்கு அந்தக் குறை போய்விட்டது. சில இடங்களுக்கு மனிதன் போகாமல் இருப்பதே அவன் செய்யக்கூடிய பெரிய உபகாரம்.

அன்றியும், குளிக்கிற நம்மோடு சிற்றாற்றின் வேலை முடிந்துவிடுவதில்லை. அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய்களில் பிரிந்து, குளங்களை நிரப்பி, தென்காசி வட்டாரத்து வயல்களை விளைவித்து, கடைசியில் சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. நம்முடைய தலையில் விழுந்த ஜலந்தான் யாரோ ஒருவருடைய நாற்றங்காலுக்கும், இன்னும் யாரோ ஒருவருடைய குடத்துக்கும் போகிறது. இதை நினைக்கும்போது, அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றை உபயோகிக்கக் கூடாது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்த தடை வெறும் சட்டமாகத் தோன்றவில்லை. அண்டை வீட்டாருக்குக் காட்டவேண்டிய சாதாரண மரியாதையாகத் தோன்றுகிறது.

* * *

மறுநாள் விடியற்காலை, தடை நீங்கிவிட்டது என்ற செய்தி வந்தது. இருள் பிரிவதற்குள் பேரருவிக்கு ஓடினோம். வெள்ளம் வடிந்து, அருவி மறுபடியும் பாலாக மாறியிருந்தது. முன்தினம் அவ்வளவு கோபமாக இருந்தது இதுதானா என்று சந்தேகமாயிருந்தது.

தலையில் முதல் தாரை விழுந்தபோது மூச்சு நின்றது. இரண்டாவது தாரையில் பெயர் மறந்துவிட்டது. மூன்றாவதில் வயது போய்விட்டது. பக்கத்தில் நின்றவர் யார் என்று தெரியாது. முதலாளியாக இருக்கலாம், மூட்டை சுமக்கிறவராக இருக்கலாம். அருவிக்கு அடியில் இடுப்புத் துண்டோடு நிற்கும் இருவரில் யார் யார் என்று சொல்ல எந்தப் பண்டிதராலும் முடியாது. அவர் வழுக்கியபோது நம் கையைப் பிடித்துக்கொண்டார். நாம் வழுக்கியபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டோம். அறிமுகம் அவ்வளவுதான்.

இந்தச் சமத்துவத்தை விலைக்கு வாங்கப் பார்த்தவர்களும் உண்டு. இயற்கையாக ஓடும் நீரைத் திருப்பி, சில தனியார் விடுதிகள் தங்கள் விருந்தினருக்கென்று செயற்கை அருவிகளை உண்டாக்கின. 2022-இல் மதுரைக் கிளை இதைக் கண்டித்து, அவற்றை மூடுவதற்கு நடவடிக்கை எடுக்கும்படி உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு! வரிசையில் நிற்காமல் குளிக்க ஓர் அருவி, வரிசையில் நிற்பவர்களுக்கு ஓர் அருவி என்று மலை இரண்டு அருவிகளைப் படைக்கவில்லையே!

மருமகன் வெகு நேரம் கழித்து வெளியே வந்தான். பல் கிட்டியிருந்தது; முகம் மலர்ந்திருந்தது. முன்தினம் தோளில் கை வைத்த கிழவரைத் தேடினான். அவர் தென்பட்டதும் நேரே போய், "பெரியவரே, நேற்று…" என்று ஆரம்பித்தான். மேலே வார்த்தை வரவில்லை. கிழவர் சிரித்துவிட்டு, "நல்லாக் குளிச்சீங்களா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அத்தையோ கரையேறியதும் நம்மிடம், "கல்யாணமான மறு வருஷம் விழுந்த அதே தண்ணீர்தான், சந்தேகமே இல்லை" என்று தீர்ப்புக் கூறினாள்.

* * *

ஊர் திரும்பினோம். சிங்கப்பெருமாள் கோவிலில் அதே வெயில், அதே லாரிகள், ஏரியில் அதே மாடுகள். மருமகனுக்கு அன்று இரவு ஷிப்டு. புறப்படுவதற்கு முன் ஏரிப் பக்கம் போய் வந்தவன், "மாமா, ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் கட்டிட இடிசல்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஐப்பசிக்குள் அதை எடுக்காவிட்டால் மழை பெய்தும் பிரயோசனம் இல்லை. என் அடுத்த ரஜாவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பஞ்சாயத்தாரைப் பார்க்கப் போகிறேன்" என்றான்.

ஒரு முழு நாள் அருவிக்கு அடியில் நிற்கவேண்டும் என்று புறப்பட்டவன், ஒரு முழு நாள் அருவிக்கு எதிரில் காத்திருந்துவிட்டு வந்தான். அந்தக் காத்திருந்த நாள் வீணாகவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அத்தை ஒரு சிறு செம்பில் அருவி ஜலம் கொண்டுவந்திருந்தாள். அதில் பாதியைத் துளசிக்கு ஊற்றினாள். மீதியை மருமகனின் தலையில் தெளித்து, வேலைக்கு அனுப்பிவைத்தாள்.